மார்க்கர் மாமாவும் ஒரு மூக்குச் சண்டையும்

"இந்தக் கண்ணைப் போல ஒரு புளுகன் உலகத்திலேயே கிடையாது. அதை நம்பி நான் எதையும் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை!"

கருத்தரங்கு மேடையில் இப்படி முழங்கிவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடிப்பவரைக் கண்டால், வாசகரே, எழுந்து நின்று ஒரு கும்பிடு போடுங்கள். அவர்தான் மார்க்கர்வாதி. நம்மவர் ஆட்டினங்களை ஆராய்கிறவர். சொந்தக்காரர்களுக்கு மார்க்கர் மாமா. ஆட்டின் கழுத்தில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, மரபணுவில் ஆட்டுக்கு ஆடு மாறுகிற அடையாளங்களை (அவைதான் மார்க்கர்) ஒப்பிட்டு, எந்த மந்தைக்கு எந்த மந்தை எவ்வளவு நெருக்கம் என்று சொல்வது அவர் தொழில். "கொம்பைப் பாருங்க சார், நிறத்தைப் பாருங்க, கலப்பே இல்லாத இனம்" என்று எந்த ஆட்டுக்காரராவது மீசையை முறுக்கினால் போதும். மாமா முகத்தில் ஒரு புன்னகை வரும் பாருங்கள், மிட்டாய்க் கடையைப் பார்த்த பல் டாக்டரைப் போல.

அதை ஆட்டோடு விட்டாரா? கல்யாண வீட்டில் "பையன் அப்படியே பெரியப்பா ஜாடை" என்று யாராவது ஆசையாகச் சொன்னால், "எத்தனை பேரைப் பரிசோதிச்சுச் சொல்றீங்க?" என்பார். அப்புறம் அந்த வரிசை நாற்காலிகளில் அவர் மட்டும்தான் இருப்பார்.

போன மாதம் அவர் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தொட்டிலைச் சுற்றிப் போர் மூண்டது.

"மூக்கு எங்க வீட்டு மூக்கு," என்றார் சம்பந்தியம்மா.

"உங்க வீட்டு மூக்கா? ஆள் வர்றதுக்கு முன்னாடியே அது உள்ள வந்துடுமே! இது எங்க அண்ணன் மூக்கு," என்றார் மாமாவின் மனைவி.

அவ்வளவுதான். சம்பந்தியம்மா பையைத் தூக்கிக்கொண்டார்.

மகள் கலங்கிப்போனாள். "அப்பா, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. அவங்க கோவிச்சுட்டுப் போனா, நான் எந்த முகத்தோட அந்த வீட்டுக்குத் திரும்பிப் போறது?"

மாமா தொண்டையைச் செருமினார். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு மந்தை, அந்தப் பக்கம் ஒரு மந்தை, பார்த்தால் ஒட்டிப் பிறந்தவை, சோதித்தால் வெகுதூரத்து உறவு, கருப்பும் வெள்ளையுமாக முறைத்துக்கொண்டு நின்ற வேறு இரண்டு மந்தைகளோ நெருங்கிய பங்காளிகள் என்று மூச்சு விடாமல் விளக்கி, "பாதி உங்க பக்கம், பாதி எங்க பக்கம். வெளித்தோற்றத்தை வெச்சுச் சொந்தம் கொண்டாடுறது சுத்த அபத்தம்," என்று முடித்தார்.

"என் பேரனை ஆட்டு மந்தையில சேர்த்துட்டாரே!" என்ற சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பை கீழே இறங்கியது. "இவரோட எப்படிம்மா காலம் தள்ளுறீங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க, வாங்க சொல்றேன்," என்று மாமாவின் மனைவி அவர் கையைப் பிடித்து அடுப்படிக்கு அழைத்துப்போனார். பின்னாலேயே மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அறையில் மாமாவும் பேரனும் மட்டும். மாமா கதவை ஒருமுறை பார்த்தார். குழந்தையை மெல்லத் தூக்கினார். அலமாரிக் கண்ணாடி முன் போய், நுனி மடிந்த அந்தச் சின்னக் காதைத் தன் காதோடு சேர்த்து வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"அச்சு அசல் என் காது," என்றார் ரகசியமாக. "பாட்டிங்க கிட்ட மூச்சு விடாதேடா."

சிரிக்கிறீர்களா? சரி. கடைசியாக நீங்கள் எட்டிப் பார்த்த தொட்டிலில் எதைத் தேடினீர்கள்?