ஒரே சுருதியில் இரண்டு குரல்

"தூக்கிப் போட்டுடலாம், வேற பாத்துக்கலாம்" என்று ஒலிப்பதிவாளர் சொன்னதும் சமையலறையில் மனைவி சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

வாளியில் ஓட்டை என்று சொன்னது மாமியார். அதே நொடியில் மனைவி சொன்னதுதான் அவர் காதில் ஏறவில்லை.

"தலைமையாசிரியை ஆயிட்டேன்னு சொல்றேன். தூக்கிப் போடணுமா?" அவள் கண் கலங்கிவிட்டது. "இனிமே உங்ககிட்ட எதுவும் சொல்றதா இல்ல."

அவள் பேச்சில்லாமல் அந்த வீட்டில் அரை நாள்கூட அவரால் இருக்க முடியாது. மனைவி மேல் அவ்வளவு உயிர். உடனே விளக்கத் தொடங்கினார். விளக்குவதென்றால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

"என்மேல தப்பில்லம்மா. ஒரு குரல் கனமா, இன்னொண்ணு கீச்சுன்னு இருந்தா காது தானா பிரிச்சுக்கும். நீயும் அத்தையும் ஒரே சுருதி. ரெண்டும் ஒட்டிக்குது. நீ கொஞ்சம் இறக்கிப் பேசிப் பாரேன்."

மூலை நாற்காலியில் செய்தித்தாளால் முகத்தை மூடியிருந்த மாமனாரை அவர் துணைக்குப் பார்த்தார். பிரயோஜனமில்லை. தங்கமான மனிதர்தான், ஆனால் வாயே திறக்க மாட்டார்.

மனைவி வேண்டாவெறுப்பாகக் குரலை இறக்கினாள். மகளுக்குத் தொண்டை கட்டிவிட்டதென்று பதறிய மாமியாரும் பாசத்தில் இறக்கிக்கொண்டார். மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

"அத்தை, நீங்க மேல ஏத்துங்க!"

மாமியார் ஏற்றினார். அம்மா எதற்கு அலறுகிறாள் என்று கேட்க மகளும் ஏற்றினாள். மாடி வீட்டுக்காரர் தரையை உதைத்தார்.

"ஐயோ, அப்படி இல்ல. என்னை மாதிரி அடித்தொண்டையிலேர்ந்து..." அவர் பேசிக் காட்டினார். நின்று காட்டினார், நடந்து காட்டினார், மூச்சுவிடாமல் காட்டினார்.

"போதும்!" மனைவி கரண்டியைப் போட்டாள். "நல்ல சேதி சொல்ல வந்தவளைக் குரல் பயிற்சிக்கு நிக்க வெச்சிட்டீங்களே!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பேச்சை நிறுத்தினார்.

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. அதன் பின்னாலிருந்து அச்சு அசலாக ஒலிப்பதிவாளரின் குரலே கேட்டது.

"முதல்ல அவளுக்கு ஒரு வாழ்த்து சொல்லுங்கன்னு அப்போலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன், மாப்பிள்ளை. கல்யாணமான நாள்லேர்ந்து நானும் பேசிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க நிறுத்தினது இன்னிக்குத்தான்."