எலுமிச்சை நிற ஹாலில் பெண் பார்த்த கதை

என் வீட்டுச் சுவர்களுக்காக நான் இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இனியும் கேட்பதாக இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், தப்பு யார் மீது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். (என் மீதுதான். ஆனால் சத்தமாகச் சொல்ல மாட்டேன்.)

சிறுசேரி ஐ.டி. பார்க்குக்குக் கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்த புதிதில், செங்கல்பட்டில் நாங்கள் சொந்த வீடு கட்டி முடித்தோம். என் கணவர் ரகுவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. நான் பள்ளி ஆசிரியை. மாமனார், மாமியார் இருவரும் காலமாகிவிட்டதால் நாத்தனார் வசந்தியின் கல்யாணம் எங்கள் பொறுப்பு. ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, “ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்று கிளம்பியவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்றே தெரியவில்லை. மூன்றாவது வரன், புது வீட்டுக்கு வருவதாக இருந்தது.

“வீடு முழுக்க சந்தன கலர் அடிச்சிடலாம். வம்பே இல்லை” என்றார் ரகு.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷம் நான்கு வாடகை வீடுகள். நான்கிலும் சந்தன நிறம். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டவள் நான். “இது என் சுவர். நான்தான் முடிவு பண்ணுவேன்” என்றேன்.

பெயிண்ட் கடையில் கொடுத்த ஷேட் கார்டை வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்தேன். ஹாலுக்குப் பளீரென்ற எலுமிச்சை மஞ்சள். படுக்கையறைக்குக் கத்திரிப்பூ நிறம். சமையலறைக்குச் செம்பருத்திச் சிவப்பு.

பெயிண்டர் ஏகாம்பரம் கார்டை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “யக்கா, இதுல வெரல் அகலந்தான் கீது. சொவரு ஃபுல்லா அடிச்சா வேற மாரி தெரியும். மொதல்ல ஓரமா கொஞ்சம் அடிச்சிப் பாத்துக்கலாம்க்கா.”

“எனக்குக் கலர் தெரியும் ஏகாம்பரம். நீங்க அடிங்க.”

“வூடு உன்னுது. நான் இன்னா சொல்றது” என்று ரோலரை எடுத்தார். இரண்டாவது கோட் முடிந்ததும் என்னையே உற்றுப் பார்த்தார். “யக்கா, ஒன் மூஞ்சி ஒரு மாரி கீதே?”

பெயிண்ட் வாடை அவருக்குத் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாப்பிள்ளை முரளியும் அவன் அம்மாவும் வந்தார்கள். அம்மா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. பையனுக்குச் சிறுசேரியில் வேலை. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக என் எலுமிச்சைச் சுவரில் விழுந்து, அங்கிருந்து எல்லோர் முகத்திலும் தெறித்தது. ரகுவைப் பார்த்தேன்; ஊறுகாய் ஜாடியில் ஒரு வாரம் கிடந்தவர் மாதிரி இருந்தார்.

வசந்தி காபித் தட்டோடு வந்தாள். பையன் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தான். கேசரியைத் தொடவே இல்லை. (சரி, கலர் அவன் பசியையும் தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.)

அந்த அம்மா என்னை அருகே கூப்பிட்டார். “ஏம்மா, பொண்ணுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? முகமெல்லாம் மஞ்சளா இருக்கே. காமாலை கீமாலை…”

“ஐயையோ, அதெல்லாம் இல்லைங்க. இந்த ஹால் வெளிச்சம் அப்படி. உள்ளே வந்து பாருங்க” என்று வசந்தியைப் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கத்திரிப்பூச் சுவருக்கு முன்னால் அவள் உதடு நீலம் பாரித்துத் தெரிந்தது.

“மூச்சு இழுப்பு உண்டா?” என்றார் அந்த அம்மா.

சமையலறைக்கு ஓடினோம். அங்கே நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் அடிப்பவள் மாதிரி முகம் சிவந்து நின்றாள். அவர் அவள் நெற்றியில் கையே வைத்துப் பார்த்துவிட்டார்.

கடைசியில் எல்லோரும் கொல்லைப்புறம் துவைக்கிற கல் பக்கம் போனோம். பகல் வெளிச்சத்தில் வசந்தி வசந்தியாகவே இருந்தாள். அந்த அம்மா அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

“இப்ப சரியாத்தான் தெரியுது. இருந்தாலும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துட்டா நல்லது.”

ரகு என்னைப் பார்த்த பார்வையில் ஹாலின் நான்கு சுவர்களும் இருந்தன. மூன்றாவது வரனும் போயிற்று என்று முடிவு கட்டினேன். தப்பு என்னுடையதுதான், பெயிண்ட்தான் காரணம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வசந்தி பேசினாள். அதுவரை அந்நியர் முன் குரலை உயர்த்தாதவள்.

“எடுத்துக்கறேங்க. ஆனா உங்க பையனும் எடுக்கணும்.”

அந்த அம்மா வசந்தியின் முகத்திலிருந்து கையை எடுத்தார். “அவனுக்கு எதுக்கு?”

“எனக்கு எதுக்கோ அதுக்குத்தான்.”

“நியாயந்தானேம்மா” என்றான் முரளி.

மறுநாள் இருவரும் அவரவர் ஊரில் ரத்தம் கொடுத்தார்கள். வசந்திக்கு ஒன்றுமில்லை. முரளிக்குக் காமாலை!

கண்ட கண்ட இடத்தில் சாப்பிட்டு, ஒரு வாரமாகப் பசியில்லாமல், அலைச்சல்தான் காரணம் என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். எங்கள் ஹாலில் எல்லோரும் மஞ்சளாக இருந்ததால் அவன் மஞ்சள் தனியாகத் தெரியவில்லை. கொல்லையிலோ எல்லோரும் வசந்தியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் பார்க்க வந்த இடத்தில் பையன் கண்ணை யார் பார்க்கிறார்கள்? ஆரம்பத்திலேயே தெரிந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர்.

இரண்டு மாதம் மோரும் கஞ்சியுமாகக் கிடந்தான். தினமும் சாயங்காலம் வசந்திக்குப் போன் பண்ணினான். உடம்பு தேறியதும் அந்த அம்மாவே தட்டோடு வந்து நிச்சயம் செய்தார். உட்காரும்போது மட்டும் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டோம். இரண்டு முறையும் ரகு சந்தனம் என்றார். இரண்டு முறையும் அதே எலுமிச்சைதான் அடித்தேன். ஓர் உயிரைக் காப்பாற்றிய நிறத்தை எப்படி மாற்றுவது? (சுவருக்கு இதில் பங்கில்லை, அது வசந்தியின் வாய்தான் என்பார் ரகு. அவருக்கு அழகுணர்ச்சி குறைவு.)

இன்றைக்கும் வசந்தி வீட்டில் யாராவது சோர்ந்து படுத்தால் சம்பந்தியம்மா எனக்குத்தான் போன் செய்கிறார். “சுமதி, உன் ஹால் காலியா இருக்கா? பேரன் ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. கொண்டு வந்து உட்கார வச்சு டெஸ்ட் பண்ணட்டுமா?”

“தாராளமா வாங்க. அதுக்கு முன்னாடி, கலர் நல்லா இருக்குன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க” என்பேன்.

உடனே போனை வைத்துவிடுவார்.