ரைட் சொன்னால் வண்டி நகரும்

பஸ் போய்விட்டது. கண்டக்டர் சம்பங்கி மட்டும் சூளகிரியில் கையில் பாதி வடையோடு நின்றுகொண்டிருந்தார்.

போனது வேறு யாருடைய வண்டியோ அல்ல, சாட்சாத் அவருடைய வண்டிதான். கிருஷ்ணகிரியிலிருந்து ஜூஜுவாடி எல்லை வரைக்கும் ஓடுகிற மரகதா மோட்டார் சர்வீஸ். முப்பத்தெட்டுப் பயணிகள், நான்கு ஆட்டுக்குட்டிகள், தலைகீழாகக் கட்டிய ஒரு கட்டில், அந்த நிமிஷம்தான் மூச்சு வாங்கப் பின்படியில் ஏறிய ராகி வியாபாரி வெள்ளையம்மா, எல்லோரும் போய்விட்டார்கள். கண்டக்டர் போகவில்லை.

"ஐயையோ! என்னை விட்டுட்டுப் போறாரே! பாப்பம்மா, பாத்தியா அநியாயத்தை?"

வடைக்கடை பாப்பம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"என்னாண்ணா அநியாயம்? நீதானே ரைட்டுன்னே?"

"நானா? எப்போ?"

"இன்னொரு வடை வைக்கட்டுமான்னேன். ரைட்டுன்னே. வண்டி கெளம்பிடுச்சு."

சம்பங்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடை கீழே விழுந்தது.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போகும்போது 'ரைட்' என்ற அந்த ஒரு சொல்லை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான் என்றும், அதைச் சம்பங்கி எடுத்து மடியில் முடிந்துகொண்டார் என்றும் ஓசூரில் சொல்வார்கள். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு குடும்பமே நடத்தினார். வண்டி கிளம்ப வேண்டுமானால் பின்படியில் தொம்மென்று ஏறிச் சாட்டையடி மாதிரி "ரைட்!" சோறு போதுமானால் ஏப்பத்தோடு சேர்த்து "ரை...ட்". கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு "ரைட்டு". யாராவது காலமாகிவிட்டால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, "பாவம், ரைட்டாயிட்டாரு."

தங்கை மகள் கல்யாணத்தில், தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளை வெட்கத்தில் விறைத்து நின்றபோது, பந்தலின் கடைசி வரிசையிலிருந்து சம்பங்கி ஒரு "ரைட்!" விட்டார். மாப்பிள்ளை ஒரே மூச்சில் மூன்று முடிச்சுக்கு ஐந்து முடிச்சாகப் போட்டுவிட்டார். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வண்டியில் இடம் பிடிக்க ஓடினார்.

குரல் அப்படி. ஜூஜுவாடியில் அவர் ரைட் சொன்னால், எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் மேய்கிற மைசூர் மாடுகள் நடக்க ஆரம்பிக்கும்.

"இந்த வண்டி டீசல்ல ஓடுதுன்னா நெனைக்கறீங்கோ? என் தொண்டையில ஓடுது," என்று அவர் பெருமைப்படாத நாளில்லை.

அப்படிப்பட்டவர் புளி மூட்டை லாரியின் உச்சியில் உட்கார்ந்து ஓசூர் வந்து சேர்ந்தபோது, டிரைவர் வெங்கடப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வெங்கடப்பனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷமாகச் சம்பங்கியோடு அதே வண்டியில் ஓடுகிறவர். நல்ல மனுஷர்தான், ஆனால் அடுத்தவர் பேச இடம் கொடுக்கமாட்டார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. நடு வழியில் இறங்க வேண்டுமென்று பயணிகள் எத்தனை அலறினாலும் நிறுத்தமாட்டார். கொள்கைக்காரர் என்று அந்தத் தடத்தில் அவருக்கு மரியாதை உண்டு.

"ஏன்ணா, என்னை விட்டுட்டு வந்துட்டியே, இது நாயமா?" என்று சம்பங்கி கையை ஆட்டிக் கத்தினார்.

"வா, வா. இந்த வருசம் ராகி எப்படின்னு கேக்கறியா? கதிரு ஒவ்வொண்ணும் இந்தா பெருசு! மழை வருமான்னா வரும். டீ குடிக்கறியா? குடி."

இந்த மனுஷனிடம் பேசிப் பயனில்லை என்று சம்பங்கி விட்டுவிட்டார். முதலாளி ஆரோக்கியநாதன் விடவில்லை. கண்டக்டர் இல்லாமல் வந்த வண்டியை ஓசூர் முழுக்க வேடிக்கை பார்த்ததே! இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வெங்கடப்பா, ஆள் ஏறாம ஏன்யா வண்டியை எடுத்தே?"

"ஆமாங்க முதலாளி, பிரேக் கட்டை தேஞ்சுதான் போச்சுங்க. மாத்திடணுங்க."

முதலாளி மனம் குளிர்ந்துவிட்டது. "பாருய்யா! திட்டறப்பக்கூட வண்டியைப் பத்தியே நெனைக்கறான்! தப்பு உம்மேலதான், சம்பங்கி. ஒரு வார்த்தையைக் கூலிக்காரன் மாதிரி எத்தனை வேலைக்கு விடுவே? வடைக்கும் அதுதான், வண்டிக்கும் அதுதான்னா அவன் என்ன பண்ணுவான்? இனிமே ரைட்டுன்னா வண்டி கெளம்பறதுக்கு மட்டும். இன்னொரு தடவை வண்டி உன்னை விட்டுட்டு வந்துச்சுன்னா, பையைக் கழட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடு."

தோல் பையைக் கழற்றுவதா! சம்பங்கி தூங்கும்போதுகூட அதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறவர்.

அன்று வீட்டிலேயே விரதம் ஆரம்பமாகிவிட்டது. மனைவி முனிலட்சுமி தட்டில் களி உருண்டையை வைத்தாள்.

"போதுமா?"

வாய் வரைக்கும் வந்ததைச் சம்பங்கி விழுங்கினார். வேறு என்ன சொல்வது? பதினைந்து வருஷத் தாம்பத்தியத்தில் இந்த இடத்தில் வேறு சொல்லே புழங்கியதில்லை. திருதிருவென்று விழித்தார். போதவில்லை போலிருக்கிறது என்று முனிலட்சுமி இன்னொன்று வைத்தாள். "போதுமா?" விழித்தார். இன்னொன்று. ஏழாவது உருண்டையில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏங்க, எதுக்கு அழுவறீங்க? எங்கம்மா வந்தது புடிக்கலியா? வாயத் தெறந்துதான் சொல்லுங்களேன்!"

மறுநாள் காலை மாமியார் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

தன் வாயைக் கட்டியாகிவிட்டது. ஊர் வாயை என்ன செய்வது? மேலுமலையில் கூடையைக் கூரைமேல் ஏற்றுவதற்காகச் சம்பங்கி கீழே இறங்கினார். ஜன்னலோரத்தில் வாத்தியார் அருள்ஜோசப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். "ம்... இது ரைட்," என்று முனகினார். அவ்வளவுதான். சரோஜம்மாள் இடுப்பிலொன்றும் கையிலிரண்டுமாகப் பிள்ளைகளோடு பின்படியில் ஏறிய கையோடு, வண்டி கிளம்பிவிட்டது.

சம்பங்கி கூடையைப் போட்டுவிட்டு ஓடி, பின்பக்க ஏணியைப் பிடித்து, அடுத்த நிறுத்தம் வரைக்கும் ஆறு மைல் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டே வந்தார். தொங்கிக்கொண்டு வந்ததால் விட்டுவிட்டு வந்ததாக ஆகாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

உள்ளே ஏறியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அறிவித்தார்:

"எல்லாரும் கேட்டுக்குங்கோ. ஒரு வார்த்தை இருக்குது. அதை இனிமே இந்த வண்டியில யாரும் வாயால சொல்லக் கூடாது!"

"எந்த வார்த்தைங்க?" என்றார் பேரண்டப்பள்ளி விவசாயி முனிராஜ்.

"அதைத்தான் சொல்லக் கூடாதுங்கறேன்."

"சொன்னாத்தானே சொல்லாம இருக்கலாம்?"

"நான் சொன்னா நானே சொன்னதாயிடுமே!"

முனிராஜ் குரலைத் தாழ்த்தினார். "செத்தவங்க பேருங்களா?"

"சேச்சே."

"அப்போ சாமி பேரு?"

"அதெல்லாம் இல்லீங்கோ. சொன்னா வண்டி தானா நகரும்!"

ஆட்டுக்குட்டிகூடக் கத்தவில்லை. சரோஜம்மாள் மூன்று பிள்ளைகளின் வாயையும் இரண்டு கையால் பொத்தினாள். ஓசூர் போய்ச் சேர்வதற்குள், மரகதா வண்டியில் ஒரு மோகினி குடியிருக்கிறது, அதன் பேரைச் சொன்னால் ஓட ஆரம்பிக்கும் என்று செய்தி பரவி, பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சம்பழத்தோடு நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

இது சரிப்படாது. சொல்லையே மாற்றிவிடுவது என்று சம்பங்கி முடிவு செய்தார். டீக்கடையில் வெங்கடப்பனின் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"அண்ணா, இனிமே நான் ரைட் சொல்லமாட்டேன். 'போலாம்'பேன். போலாம்னா எடு. ரைட்டுன்னா எடுக்காதே. புரிஞ்சுதா?"

"சரி, சரி, பண்ணிடலாம். எருது வாங்கலாமா வேணாமான்னுதானே கேக்கறே? வாங்கிடு."

சரி என்றாரே, அது போதும்.

மறுநாள் சூளகிரியில் ஒரு கல்யாணக் கோஷ்டி ஏறியது. காலையில் தாலி கட்டி, மத்தியானம் ஓசூர்ப் பெண் வீட்டுக்கு மறுவிருந்துக்குப் போகிறவர்கள். பெண் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனார். கூட்டிவரச் சம்பங்கி பின்னாலேயே போனார். அந்த நேரம் பார்த்து வண்டிக்குள் தமிழில் ஒருத்தி "போலாம்மா, நேரமாவுது" என்றாள். தெலுங்கில் ஒரு கிழவர் "போதாம், போதாம்" என்றார். கன்னடத்தில் இருவர் "ஹோகோணா" என்றார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, ஊரிலேயே ஆகிருதியான பெண்மணி, "நடங்கடி எல்லாரும்!" என்று பின்படியில் ஏறினார். மூன்று பாஷையும் சேர்ந்து அழைத்தால் எந்த வண்டிதான் நிற்கும்?

நெடுஞ்சாலையில் அன்று காமன்தொட்டி ஜனங்கள் கண்ட காட்சியை இன்னும் மறக்கவில்லை. முன்னால் மாலை பறக்க ஒரு புது மாப்பிள்ளை ஓடுகிறார். பின்னால் தோல் பை குலுங்க ஒரு கண்டக்டர் விரட்டுகிறார்.

"டிக்கெட் எடுக்காட்டிப் போவுது, விட்டுருங்க! கல்யாணத்தன்னைக்கா இப்படித் தொரத்துவாங்க?" என்று வயலிலிருந்து பெண்கள் கூச்சலிட்டார்கள்.

சாயங்காலம் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும், கல்யாணத்தில்கூட இல்லாத ஒற்றுமையோடு, முதலாளி வீட்டு வாசலில் நின்றார்கள்.

ஆரோக்கியநாதன் முகம் தக்காளி நிறத்துக்கு வந்தது. ஆனாலும் பதினோரு வருஷத்து ஆளாயிற்றே.

"கடைசித் தடவை, சம்பங்கி. ஞாயித்துக்கெழமை காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வா. வண்டிக்குள்ள ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. நீயும் ஏறக் கூடாது, எம் பக்கத்துல தரையில நிக்கணும். பழைய வார்த்தையே சொல்லு. உன் குரலுக்கு மட்டும் வண்டி நகருதான்னு நான் கண்ணால பாக்கணும். நகர்ந்தா வேலை. நகரலேன்னா பை."

சம்பங்கிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் உண்டா? சனிக்கிழமை முழுக்க மிளகுக் கஷாயம் குடித்துத் தொண்டையைத் தீட்டி வைத்தார்.

ஞாயிறு காலை ஓசூரே பஸ் ஸ்டாண்டில் கூடிவிட்டது. முனிலட்சுமிகூட வந்திருந்தாள். காலி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. வெங்கடப்பன் பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமல், கண்ணாடியிடம் எதையோ விவரித்துக்கொண்டிருந்தார். சம்பங்கி மலைமேலிருந்த சந்திரசூடேஸ்வரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மார்பு விரிய மூச்சை இழுத்தார்.

"ரைட்!"

அரசமரத்துக் காக்காய்கள் மொத்தமும் பறந்தன. ஒரு குதிரை வண்டி, குதிரையின் விருப்பப்படி, புறப்பட்டுப் போயிற்று. பஸ் நகரவில்லை.

சம்பங்கிக்கு நம்ப முடியவில்லை. "ரைட்! ரைட்!"

நகரவில்லை.

அதன் பிறகு அந்தச் சொல்லுக்கு அவர் வாழ்க்கையில் எத்தனை உபயோகம் உண்டோ அத்தனையையும் எடுத்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். தாலி கட்டச் சொன்ன மாதிரி சொன்னார். கெஞ்சினார், கொஞ்சினார். செத்தவருக்குச் சொல்வது மாதிரியும் சொல்லிப் பார்த்தார், கூட்டத்தில் இரண்டு கிழவிகள் அழுதுவிட்டார்கள். கடைசியில் வந்த ரைட்டில் எழுத்தே இல்லை, காற்றும் கண்ணீரும்தான் இருந்தன.

"என்னாய்யா இது அக்குறும்பு?" என்று முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "ரைட்!" என்று அலறினார். வாத்தியார் அலறினார். முனிராஜ் அலறினார். மோகினி பயத்தையும் மறந்து ஊரே கோரஸாக அலறியது. மலையிலிருந்து எதிரொலிகூடத் திரும்பி வந்தது. வண்டி, பூமியில் நட்டு வைத்தது மாதிரி நின்றது.

பதினோரு வருஷத்துக் குரல்! சம்பங்கி தோல் பையைக் கழற்றினார். முனிலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, புருஷனுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள் வெங்கடப்பனின் மனைவி கெம்பம்மா. அழுகிற சம்பங்கியை, மூச்சிரைக்கிற முதலாளியை, வாயைத் திறந்தபடி நிற்கிற ஊரை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"ஏன்ணா எல்லாரும் இப்படித் தொண்டை கிழியக் கத்தறீங்கோ? எங்க வீட்டுக்காரருக்குக் காது அடைச்சுப் பன்னெண்டு வருசமாவுது! பின்படியில யாராச்சும் கனமா ஏறி வண்டி ஒரு அமுங்கு அமுங்கினாத்தானே அவரு எடுப்பாரு!"