காற்றுக்கு எதிராக வந்த வாடை

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான்:

1. முந்தின நாள் சாயங்காலம் விஸ்வநத்தத்தில் தூறல் போட்டது.
2. காலையில் பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்பக்கம் போய் நின்றுகொண்டார்கள். நான் ஜன்னலோரம் முகத்தில் காற்றடிக்க உட்கார்ந்திருந்தேன். ஏன் போகிறார்கள் என்று யோசிக்கவில்லை.
3. பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கும் அறை வாசலில் நின்றபோது ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது.
4. ஒரு வாடை வந்தது.
5. நான் கத்தினேன். கம்பெனியே ஓடியது.
6. வாடையும் எங்களோடு ஓடி வந்தது.
7. எதுவும் வெடிக்கவில்லை.

ஏழாவதுக்காக இன்றும் சாமிக்கு விளக்குப் போடுகிறேன். ஆறாவதை நினைத்தால் பஸ்ஸில் தனியாக இருக்கும்போதுகூட முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் பிறந்தது ரங்கூனில். இங்கே வந்தபோது சர்க்கார் எங்களுக்கு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அப்பாவாவது சின்ன வயதில் இந்த ஊரைப் பார்த்திருக்கிறார். நான் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊருக்கு ஒருத்தி எப்படித் திரும்ப முடியும் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கப்பலில் இருந்த கூட்டத்தில் தோன்றவில்லை.

விருதுநகரில் இறங்கி நாங்கள் செய்த முதல் காரியம் தும்மியது. பஜாரில் வற்றல் கிடங்குகள். ஊரே மிளகாயை மூச்சாக விட்டுக்கொண்டிருந்தது, யாரும் தும்மவில்லை. நாங்கள் மூன்று பேரும் பெட்டிகளின் மேல் குனிந்து தும்முவதைப் பார்த்து ஒரு வண்டிக்காரர், “பர்மாக்காரகளா?” என்று சரியாகக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரங்கூனிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் எங்கள் வீட்டில் கூடும். வேலை ஒன்றுதான், இந்த ஊரைக் குறை சொல்வது. தண்ணீர் உப்பு. டீயில் பால் இருப்பது வதந்தி. காலையில் சூடான மீன் சாறும் சேமியாவும் குடித்துப் பழகிய வயிற்றில் இட்லி கல்லாய் உட்காருகிறது. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் “சாப்பிட்டீகளா?” என்கிறார்கள். (நான் முதல் மாதம் முழுக்க நின்று, என்ன சாப்பிட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். பாதி ஊர் என்னைக் கண்டால் வேறு தெருவில் போனது.) எண்ணெயில் பொரித்த புரோட்டாவை மட்டும் அப்பா மன்னித்துவிட்டார்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி நான். “நாப்பி இல்லாத சோறு ஒரு சோறா?” என்று கேட்டவள் நான். நாப்பி என்பது மீனையும் இறாலையும் உப்பிட்டுப் புளிக்க வைத்து அரைத்த விழுது. பர்மாவில் அது இல்லாத அடுப்படி கிடையாது. கண்ணைக் கட்டி ஆயிரம் பண்டத்துக்கு நடுவே விட்டாலும் நாப்பியை மூக்காலேயே கண்டுபிடிப்பேன் என்று எல்லார் முன்னிலும் பெருமை பேசியிருக்கிறேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரங்கூனில் ரசாயனம் படித்திருந்ததால் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாம் சுத்தமாக இருக்கிறதா, ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாளி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “பொம்பளப் புள்ளைய இந்த வேலைக்கு யாரும் வச்சதில்ல. சீசன் முடியட்டும், பாப்போம்” என்றார். அப்பாவுக்கு இன்னும் வேலை அமையவில்லை. வீட்டில் அடுப்பு எரிவது என் ஒருத்தியின் வேலையால். அதனால் அந்த ‘பாப்போம்’ என் காதில் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி சட்டம் போடுவது. மழைக்காலம் நெருங்கியதும் எல்லாரையும் கூட்டி வைத்து வகுப்பு எடுத்தேன். அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறும். சூடேறும்போது அமோனியா வாடை வரும். வாடை வந்தால் நேரமில்லை, பற்றிக்கொள்ளும்.

“அந்த அமோனியா எப்படித் தாயி இருக்கும்?” என்று கேட்டாள் குருவம்மா. போர்மேன் செல்லையாவின் மனைவி, மருந்து சலிக்கிறவள்.

“மூக்கைத் துளைக்கும். கண்ணில் தண்ணீர் வரும்.”

“வெள்ளென மாட்டுத் தொழுவத்துக்குள்ள போனா அடிக்குமே, அதா?”

“அதேதான்.”

“அதுக்கு எதுக்கு இம்புட்டு இங்கிலீசு?”

சிரித்தார்கள். நான் சிரிக்காமல் தொடர்ந்தேன். வாடை வந்தால் முதலில் கத்து. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக ஓடு. எதற்காகவும் திரும்பி வராதே. எல்லாரையும் ஒப்பிக்கச் சொன்னேன். ஒப்பித்தார்கள்.

அடுத்த வாரம்தான் அது நடந்தது. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது. முந்தின நாள் தூறலுக்குப் பிறகு வெயில் சுள்ளென்று அடித்தது. உச்சி வேளையில், மருந்து எடுத்துப் பார்க்கலாம் என்று தோள்பையோடு கலக்கும் அறை வாசலுக்குப் போனேன். உள்ளே குருவம்மா சல்லடையோடு குனிந்திருந்தாள்.

டப்.

பெரிய சத்தம் இல்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் சின்னச் சத்தத்துக்கும் யாரும் “என்ன அது?” என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. குருவம்மாவின் கை அப்படியே நின்றது. அடுத்த மூச்சில் வாடை வந்தது. மூக்கைத் துளைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் பாடம் எடுத்தபடியே, ஒன்று விடாமல்.

அந்த ஒரு நொடியிலும் மனசு கணக்குப் போட்டது. சீசன் உச்சத்தில் சும்மா கம்பெனியை நிறுத்தினால் வேலை போகும். பேசாமல் இருந்து அது நிஜமாகிவிட்டால் இவள் போவாள். குருவம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தினேன். வாயில் வந்தது பர்மிய பாஷை. யாருக்கும் அர்த்தம் தேவைப்படவில்லை, என் முகம் போதுமாயிருந்தது. சல்லடைகள் விழுந்தன. அறை அறையாக ஆட்கள் வெளியே பாய்ந்தார்கள். செருப்பில்லாத கால்கள் கரிசலில் வழுக்கின, உடைமுள் கிழித்தது, யாரும் நிற்கவில்லை. வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் போய் விழுந்தோம். செல்லையா அண்ணாச்சி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். எல்லாரும் இருந்தோம்.

“ஏலே, இங்கனயும் அடிக்குதே!” என்றான் ஒருவன்.

அடித்தது. அதே வாடை. நான் சேலை முந்தானையைத் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்த்தேன். மேற்கிலிருந்து வந்தது. எல்லாரையும் மேற்கே பருத்திக்காட்டுக்கு ஓட்டினேன். அங்கே மூச்சு வாங்கி நின்றால், முதலில் எனக்குத்தான் வாடை தெரிந்தது.

“காத்துக்கு எதுத்தாப்புல எப்படி வருது?” என்றாள் குருவம்மா.

“தரையோடு படர்ந்து வருகிறது” என்றேன், நிதானமான குரலில். (அமோனியா காற்றைவிட லேசானது, மேலேதான் போகும். பரீட்சையில் எழுதி வாங்கிய மார்க்கைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும்.) உண்மையில் எனக்குப் புரியவில்லை. காற்றை எதிர்த்துக்கொண்டு ஒரு வாயு எங்களைத் தேடி வருகிறது என்றால் உள்ளே எவ்வளவு பெரிதாக ஏதோ சூடேறிக்கொண்டிருக்க வேண்டும்! அடுத்து கண்மாய்க் கரைக்கு ஓடினோம்.

வடக்கே தள்ளி நின்ற சிலர், “எங்களுக்கு ஒண்ணும் அடிக்கலையே” என்றார்கள்.

“அங்கே நிற்காதீங்க! எல்லாரும் என் பக்கம் வந்துடுங்க!” என்று கத்தினேன். நல்ல மனிதர்கள், வந்தார்கள்.

தூரத்தில் கம்பெனிக் கூரைகள் வெயிலில் அசையாமல் இருந்தன. எந்த நிமிஷமும் அவை எழும்பப் போகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கம்பெனி வெடித்தபோது குருவம்மாவின் தங்கச்சிக்கு நடந்ததை யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. எல்லாரும் அதைத்தான் நினைத்தோம்.

செல்லையா அண்ணாச்சி கண்மாயில் ஒரு சாக்கை நனைத்துக்கொண்டு வந்தார்.

“நான் போயி மருந்துத் தட்டு அம்புட்டையும் வெளிய எடுத்து வச்சுட்டு வாரேன்.”

குருவம்மா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். “ஏ மனுசா, கிறுக்கா ஒனக்கு?”

“விடு புள்ள. அடுத்தாப்புல ஸ்டோர் ரூம் இருக்கு. அது புடிச்சா ஊரே இருக்காது.”

இழுபறி நடந்தது. பிடிவாதக்காரர் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் கையை விட்டு, “ஒரு வாய் சாப்ட்டுட்டாவது போ” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். எல்லார் தூக்குச்சட்டியும் உள்ளேதான் கிடந்தது. என் சட்டப்படி போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்கள்.

“என்கிட்ட சோறு இருக்கு அண்ணாச்சி” என்று நான் தோள்பையைத் திறந்தேன்.

வாடை என் முகத்தில் அறைந்தது.

சோற்று டப்பாவுக்கு அடியில், மூடி தெறித்த ஒரு கோகோ டப்பா சாய்ந்து கிடந்தது. உள்ளே சாம்பல் பழுப்பில் ஒரு விழுது. அப்போதுதான், வேப்பமரம், பருத்திக்காடு, கண்மாய் மூன்றும் தாண்டி, என் மூக்குக்கு ரங்கூன் ஞாபகம் வந்தது.

பிறகுதான் தெரிந்தது, ரங்கூனில் இருக்கும் சித்தி கப்பலில் வந்தவர்களிடம் கொடுத்தனுப்பியதாம். மத்தியானம் மகள் திறந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று அம்மா சொல்லாமல் வைத்திருக்கிறாள். வெயிலில் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளியதுதான் அந்த ‘டப்’.

பையை மூடினேன். ஒரு நல்ல திட்டம் தோன்றியது. பேசாமல் இரு. அவர் போவார், ஒன்றுமில்லை என்று பார்ப்பார், சூரராகத் திரும்புவார், உன் வேலை பிழைக்கும். ஆனால் அவர் கையில் ஈரச்சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல மருந்திலும் அந்த ஈரம் பட்டால் போதும், அவசரத்தில் ஒரு தட்டு நழுவி உரசினாலும் போதும். சோற்றுக்குக் காத்திராமல் அவர் கரையிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தார்.

“அண்ணாச்சி, போகாதீங்க! வாடை என்கிட்டதான் இருக்கு!”

திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். நான் கோகோ டப்பாவை உயர்த்திக் காட்டினேன்.

குருவம்மா வந்து குனிந்து மோந்து, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “ஆத்தாடி! என்னது இது?”

“சாப்பாடு.”

“யாரு சாப்பிடுறது?”

“நாங்கதான்.”

“இதுக்கு நம்மூரு கருவாடு சந்தனம்லே” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

செல்லையா அண்ணாச்சி ஈரச்சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா என்று முதலில் தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. குருவம்மா அவர் முதுகில் ரெண்டு போட்டாள், பிறகு என் முதுகில் ரெண்டு. அழுதுகொண்டே கேட்டாள்: “கையில உள்ளதப் போட்டுட்டு ஓடுன்னு நீதான சொன்ன? நாங்க அம்புட்டுப் பேரும் போட்டுட்டு ஓடியாந்தோம். நீ மட்டும் எதுக்குடி பையத் தூக்கிட்டு வந்த?” (அதுவரை நான் ‘நீங்க’. அன்றிலிருந்து ‘நீ’.)

பையைத் தோளோடு இறுக்கிக்கொண்டேன். ரங்கூன் துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்து, இருந்ததை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் சங்கிலியும் அதில் போயிற்று. “பையை மட்டும் விட்டுடாதே” என்று அம்மா என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். கப்பலில் தூங்கும்போதும் அது என் தோளில் இருந்தது. பிறகு எத்தனை சட்டம் எழுதினாலும் என் தோள் அதைப் படிக்கவில்லை.

சேதி கேட்டு முதலாளி காரில் வந்தார். கம்பெனி முழுக்கக் கண்மாய்க் கரையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, “என்ன வாடை?” என்றார். டப்பாவை நீட்டினேன். அவரும் கொஞ்சம் ஓடினார்.

துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு செல்லையா அண்ணாச்சியைக் கேட்டார்: “எல்லாரும் வெளிய வர எம்புட்டு நேரமாச்சு?”

“கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள வந்துட்டோம் மொதலாளி.”

என் பக்கம் திரும்பினார். என் உயிர் அந்தத் துண்டின் நுனியில் தொங்கியது.

“வாசல் போர்டுல பீடி, தீப்பெட்டி கூடாதுன்னு இருக்குல்ல, அதுக்குக் கீழ இதையும் எழுதச் சொல்லு” என்றார். காரில் ஏறிப் போய்விட்டார். நானும் செல்லையா அண்ணாச்சியும் உள்ளே போய் மருந்தைப் பார்த்தோம். காய்ந்து குளிர்ந்து சமர்த்தாக இருந்தது.

வீட்டு வாசலிலேயே அம்மா காத்திருந்தாள். “எப்படி இருந்தது?”

சொன்னேன். அப்பா சிரித்துச் சிரித்துத் தும்மினார். அம்மா சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கி மோந்து பார்த்தாள். “நல்லாத்தானே இருக்கு. இதைக் கண்டா ஓடினே?” என்றாள். அன்று ராத்திரி அதை வதக்கி எனக்கு முன்னால் வைத்தாள். ஒரு வாய் வைத்தேன். இரண்டாவது வாய்க்குக் கை போகவில்லை. அம்மா பார்த்துவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் இந்த ஊரைப் பற்றி ஏதாவது குறை சொல்ல வாயெடுத்தால் அப்பா எழுந்து நின்று, முந்தானையைப் பிடிப்பதுபோல் துண்டைத் தூக்கி, “காற்று எந்தப் பக்கம்?” என்கிறார். கூட்டம் முடிந்துவிடுகிறது.

சீசன் முடிந்து அடுத்த சீசனும் வந்துவிட்டது, என் வேலை இருக்கிறது. வாட்ச்மேன் தினமும் என் சாப்பாட்டு டப்பாவை மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். நான் நாப்பி சாப்பிடுவதில்லை. குருவம்மா சாப்பிடுகிறாள். அன்று கரையில் வேடிக்கையாக விரலால் தொட்டு நக்கியவள், மறுநாள் “இன்னங் கொஞ்சம் இருக்கா?” என்றாள். சித்தியிடமிருந்து டப்பா வரும்போதெல்லாம் அம்மா அவளுக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கிறாள். கம்பெனிக்குள் கொண்டுபோகக் கூடாதென்பதால் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கொடுக்கிறேன்.