ஒண்ணுமில்லைக்காரரும் மூன்று ராணுவ டாக்டர்களும்

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்கை பெயர்ந்து, ஒற்றைச் செருப்பு சாக்கடையில் மிதக்கக் கிடக்கும் ஒருவரை ஓடிப்போய்த் தூக்குகிறீர்கள். "அடி பட்டிருச்சுங்களா?" என்று பதறுகிறீர்கள். அவரோ சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க" என்கிறார், ஏதோ சாக்கடையின் ஆழம் பார்க்க இறங்கியவர் போல. இவர்தான் ஒண்ணுமில்லைக்காரர். நம் ஆராய்ச்சிக்கு உரிய ஜீவன் இவரே.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் மீசை வைத்தது. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் வேலைக்குப் போகும். பல்வலியில் முகம் ஒரு பக்கம் பலாப்பழமாய்ப் புடைத்திருக்க, மறுபக்கத்தால் சிரிக்கும். வீட்டம்மா ஒரு வாரம் கெஞ்சி, ஆட்டோவில் ஏற்றி, வழியெல்லாம் அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்துக் கலங்கி, டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தால், அந்த நாற்காலியில் என்ன மருந்து தடவியிருக்கிறதோ தெரியாது, அத்தனையும் பறந்துவிடும். "எனக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டர். இவதான் சும்மா பயந்துக்கிட்டா." டாக்டரும் அந்தம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார். ஏகத்துக்கு இருக்கும். ஏற்றியது யார் என்று எந்தச் சோதனைக்கூடமாவது சொல்லுமா?

சாதாரண ஒண்ணுமில்லைக்காரர் இந்தப் பழக்கத்தைத் தன் அப்பாவிடம் இலவசமாகக் கற்றுக்கொண்டவர். பட்டாளத்திலிருந்து வந்த ரகம் அப்படியல்ல. அது அரசாங்கச் செலவில், காலையும் மாலையும் வரிசையில் நின்று கற்றது. அசைக்க முடியாது.

ராஜபாண்டி அந்த ரகம். திருமங்கலத்துப் பக்கம் பிறந்து, பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்து, ஹவில்தாராக வெளியே வந்து, ஆறு வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறார். அவர் மனைவி சித்ராதேவி வேறொரு கம்பெனியில் செக்கிங் பகுதிக்குத் தலைவி. தைத்து வரும் பனியனை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் ஒவ்வொன்றிலும் ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது அவர் வேலை. பதினான்கு வருட அனுபவம். நாலு லட்சம் பனியனில் குறை கண்டுபிடித்த அந்தக் கண்ணுக்கு முன்னால்தான், "எனக்கு ஒண்ணுமில்லை" என்று ராஜபாண்டி தினமும் நின்றார். துணிச்சலைப் பாருங்கள்.

அவர் எப்படி நல்லாயிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணப் பந்தியில் முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால்தான் சாப்பிடுவார். சுவரோரம் இடமில்லையென்றால், இடம் வரும்வரை மொய் எழுதுகிறவர் பக்கத்தில் நின்று காவல் காப்பார். திருப்பூர் ராயபுரத்தில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த கட்டடம் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி. இருபத்துநாலு மணி நேரமும் மெஷின் ஓடும். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் அந்தச் சத்தத்தில் தூங்க முடியாமல் இரண்டாம் நாளே பஸ் ஏறிவிடுவார்கள். ராஜபாண்டிக்கு அது தாலாட்டு. கரண்ட் போய் மெஷின் நின்றால்தான் ஆபத்து. ஊரே 'அப்பாடா' என்று புரண்டு படுக்கும்போது அவர் எழுந்து கதவுக்கு நேரே உட்கார்ந்துவிடுவார். மலை உச்சியில் காவல் இருந்தபோது, சத்தம் நின்றால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். அவர் பென்ஷன் வாங்கிவிட்டது அவர் உடம்புக்குத் தெரியாது.

ஆயுத பூஜையன்று கம்பெனி வாசலில் பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். முதல் வெடிக்கே ராஜபாண்டி பாய்ந்து, மேனேஜரைத் தரையில் சாய்த்து, அவர்மேல் படுத்துக்கொண்டார். சந்தனப் பொட்டும் பட்டு வேட்டியுமாக மேனேஜர் கடைசி வெடிவரை அடியில் கிடந்தார். எழுந்ததும் ராஜபாண்டி, "ஒண்ணுமில்ல சார், இனிமே நீங்க போகலாம்" என்று வழிவிட்டார்.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டென்று மனநல டாக்டர் ஒருவர் சித்ராதேவியிடம் சொன்னார். பணியில் வந்த நோயென்றால் ராணுவம் நிவாரணமாக ஊனமுற்றோர் பென்ஷனும் சிகிச்சையும் தரும் என்று முன்னாள் படைவீரர் சங்கத்தில் சொன்னார்கள். சித்ராதேவி விண்ணப்பித்தார். ஐந்தாறு மாதம் கழித்துப் பதில் வந்தது: நோய் ராணுவப் பணியால் ஏற்பட்டதும் அல்ல, அதனால் அதிகமானதும் அல்ல. ஆதாரம்? ஓய்வு பெற்ற நாளில் ஹவில்தாரே நிரப்பிய படிவம். 'உடலில், மனதில் ஏதேனும் குறை?' என்ற கேள்விக்குக் கீழே ஆறு வரி காலியிடம். அதில் பெரிய ஆங்கில எழுத்தில் 'நில்', அதாவது ஒண்ணுமில்லை, என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.

"பட்டாளத்துல வரலைன்னா பின்ன எங்கயிருந்து வந்துச்சு?" என்றார் சித்ராதேவி. "என் ரசத்துலயா?"

சிரிக்காதீர்கள். அவர் நாத்தனார் மூக்கம்மாள் கிட்டத்தட்ட அதைத்தான் பல வருடமாகச் சொல்லிவந்தார். "கல்யாணத்துக்கு முன்னால எந்தம்பி நல்லாத்தான இருந்தான்" என்பது மூக்கம்மாள் எந்த விசேஷத்திலும் தவறவிடாத வாசகம். இப்போது அரசாங்கமும் முத்திரை வைத்து அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டது. சித்ராதேவிக்குப் பென்ஷன் வேண்டியதுதான். அதைவிட, அந்த நோய் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் ஒரு காகிதம் வேண்டியிருந்தது. மேல்முறையீடு போட்டார். மூன்று ராணுவ டாக்டர்கள் கொண்ட மருத்துவ வாரியத்தின் முன் ஆஜராகும்படி கடிதம் வந்தது. அவர்களும் இல்லையென்று சொல்லிவிட்டால் அப்புறம் சென்னையில் தீர்ப்பாயம், வக்கீல், வருடக்கணக்கு. அதற்கு அவரிடம் தெம்பில்லை.

ஆகவே ஒத்திகை தொடங்கியது. அதே தெருவில், குறையால் ஒதுக்கிய செகண்ட்ஸ் பனியன் கடை வைத்திருக்கும் ஜமால், ராஜபாண்டியின் நண்பர், டாக்டர் வேஷத்துக்கு ஒப்புக்கொண்டு ஒரு பனியன் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார்.

"சொல்லுங்க, எப்படி இருக்கறீங்க?"

"நல்லா இருக்கேன்."

"அண்ணா, தப்புங்க."

"பரவால்லாம இருக்கேன்."

"இன்னுங் கொஞ்சம் எறங்கி வாங்கண்ணா. தூக்கமெல்லாம் எப்படீங்க?"

"வருது."

"எப்ப வருது?" என்று பக்கத்திலிருந்து சித்ராதேவி கேட்டார். "டீக்கடையில உக்காந்து பேப்பர் படிக்கிறப்ப வருதுன்னு முழுசாச் சொல்லுங்க."

ராஜபாண்டிக்கு மனசு கேட்கவில்லை. "நல்லா இருக்கறவன இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களே ஜமாலு, அது பொய் இல்லையா?"

"ஏனுங்ணா, இப்ப நீங்க சொல்றதுதானுங்களே பொய்யி."

"இது பொய் இல்லப்பா. மரியாதை."

மூன்று வாரம் போராடினார்கள். இருபதாம் நாள் ராஜபாண்டி கண்ணை மூடிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, "கொஞ்சம் சரியில்லைங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டார். ஜமால் மூட்டையிலிருந்து குதித்து இறங்கி, தேங்காய் பன்னும் டீயும் வாங்கிவந்தார்.

குறிப்பிட்ட நாளில் பஸ் ஏறி, இன்னொரு பஸ் மாறி, மலைமேல் இருந்த ராணுவ மருத்துவமனைக்குப் போனார்கள். உள்ளே ராஜபாண்டியை மட்டும் கூப்பிட்டார்கள். சித்ராதேவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் சீருடையில். நடுவில் இருந்த கர்னல், எப்படி இருக்கிறாய் என்று இந்தியில் அன்பாகத்தான் கேட்டார்: "கைசே ஹோ, ஹவில்தார்?"

குதிகால்கள் இரண்டும் மோதிய சத்தம் பெஞ்சுவரை கேட்டது.

"ஏக்தம் டீக், சாப்!"

ரொம்ப நல்லாயிருக்கேன் ஐயா என்று அர்த்தம். ஒத்திகை முழுவதும் தமிழில் நடந்திருந்தது. பட்டாளமோ அவருக்குள் இந்தியில் குடியிருந்தது. இதை யாரும் யோசிக்கவில்லை. மூன்று வாரப் பாடம், ஒரு தேங்காய் பன், எல்லாம் போயிற்று. தூக்கம்? டீக், சாப். சாப்பாடு? டீக், சாப். நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

"எப்படிப் போச்சு?" என்று கேட்டார் சித்ராதேவி, பதில் தெரிந்துகொண்டே.

"நல்லாப் போச்சு. ரொம்ப மரியாதையானவங்க."

சித்ராதேவி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்ற சிப்பாய் குறுக்கே வந்து, "அம்மா, உள்ள போகக் கூடாது" என்றான்.

"தம்பி, நான் எக்ஸ்போர்ட் பீஸ் பாக்கறவ. பெயிலானதப் பாஸ்னு எழுதி விட்டா கண்டெய்னரே திரும்பி வரும். வழிய விடு."

உள்ளே போனதும் குரலில் மட்டும் பதினான்கு வருடத் திருப்பூர் மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது. "மன்னிக்கோணுங்க. நாங்க பனியனப் பாத்து நீ நல்லா இருக்கறயான்னு கேட்டுப் பாஸ் போடறதில்லீங்க. விரிச்சுப் போட்டு நாங்கதானுங்க பாக்கோணும்."

ஓரத்தில் இருந்த பெண் டாக்டர் பாலக்காட்டுக்காரர்; தமிழ் தெரியும். சிரித்துவிட்டு மற்ற இருவருக்கும் மொழிபெயர்த்தார். சித்ராதேவி பையிலிருந்து ஒரு நூல் கடை மாதக் காலண்டரை எடுத்து மேஜைமேல் விரித்தார். ராஜபாண்டியின் ஒரு வருடம். சின்னக் குறைக்கு மஞ்சள் அம்பு, பெரிய குறைக்குச் சிவப்பு அம்பு. கம்பெனி வழக்கப்படி.

ராஜபாண்டியை மறுபடியும் அழைத்தார்கள். உட்காரச் சொன்னார்கள். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். பெண் டாக்டர் ஏதோ எழுதினார்.

"மே பதினாலு சிவப்பா இருக்கே. என்ன அது?" என்று தமிழில் கேட்டார்.

"அது ஒண்ணுமில்ல மேடம். கரண்ட் போச்சு, மெஷின் நின்னுச்சு."

"நின்னா?"

"எந்திரிச்சு உக்காந்துக்கிருவேன். அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம்?"

"விடியற வரைக்கும்."

"அக்டோபர்ல இது?"

"ஒண்ணுமில்ல மேடம், எங்க மேனேஜரக் காப்பாத்துனேன்."

"எதுலருந்து?"

ராஜபாண்டி யோசித்தார். "வெடியில இருந்து. பூஜை வெடி."

இப்படியே போயிற்று. கேட்ட எதையும் அவர் மறைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஒண்ணுமில்லையை வைத்துவிட்டு, உள்ளதை அப்படியே சொன்னார். ஆறு வருடத்தில் யாரும் அவரிடம் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை, அதுதான் விஷயம். மொழிபெயர்ப்பைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்த கர்னலின் காகிதம் பின்பக்கத்துக்குத் திரும்பியது.

நவம்பரில் ஒரு கட்டத்தில் தேதியே தெரியவில்லை. சிவப்பு அம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன.

"இது?"

"அது..." என்றார் ராஜபாண்டி. ஒண்ணுமில்லை வரவில்லை. "பட்டாளத்துல இருந்தப்ப அதே தேதியிலதான் அஞ்சு பேரு ரோந்து போனாங்க மேடம். நான் வயர்லெஸ்ல இருந்தேன். பேசிக்கிட்டே போனாங்க. ஒருத்தன் பாட்டுக்கூடப் பாடுனான். அப்புறம் சத்தமில்லாமப் போச்சு. நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் சரியில்ல மேடம்."

பெண் டாக்டர் இதை மொழிபெயர்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். கர்னல் எழுந்து, தாமே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஐந்து மாதம் கழித்துக் காகிதம் வந்தது: நோய் ராணுவப் பணியால் ஏற்பட்டது. பென்ஷன் உண்டு, சிகிச்சை உண்டு. சித்ராதேவி அந்த ஒரு வரியைப் போன் கேமராவில் நெருக்கமாகப் படமெடுத்து, நாத்தனாருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். மூக்கம்மாள் இரண்டு நாள் யோசித்து, ஒரு கட்டைவிரல் அனுப்பினார். அந்தக் குடும்பத்து வரலாற்றில் அதற்குச் சமாதான ஒப்பந்தம் என்று பெயர்.

இப்போது மாதம் ஒருமுறை இருவரும் மனநல டாக்டரிடம் போகிறார்கள். கரண்ட் போனால் ராஜபாண்டி இன்னும் எழுந்து உட்காருகிறார்தான். ஆனால் சில நாள் மெஷின் மறுபடி ஓடுவதற்கு முன்பே படுத்துவிடுகிறார். காத்திருக்கும் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் யாராவது, "உங்களுக்கென்னங்க?" என்று விசாரித்தால், குரலைத் தாழ்த்தி, "நமக்கு ஒண்ணுமில்லங்க. ஊட்டுக்காரிக்குத்தான்" என்கிறார். பிழைக்க வந்த ஊரின் பேச்சு அந்த அளவுக்குப் பழகிவிட்டது. சித்ராதேவி அதற்குப் பொருத்தமாக முகத்தை வைத்துக்கொள்கிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவரல்ல, எனக்குத் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு சட்டைப் பையோடு துவைபட்டுப் போனது தற்செயல். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்றது மூச்சு வாங்க அல்ல, எதிர்வீட்டுத் தென்னையைப் பார்க்க. எதற்கும் இதைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, "இந்த மாதிரி ஆளை நீ எங்கயாவது பாத்திருக்கியா?" என்று கேளுங்கள். அவர் காகிதத்தைப் பார்க்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் கூப்பிடும் இடத்துக்குப் போய்வாருங்கள். வழியில் யாராவது கேட்டால், அவருக்குத்தான் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.