எஸ்டிமேட்கொத்தி

மரங்கொத்தியைத் தெரியும், மீன்கொத்தியைத் தெரியும். எஸ்டிமேட்கொத்தியைத் தெரியுமா? தெரியாது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கார் ஒர்க்ஷாப் பக்கம் ஒரு தடவை போயிருந்தாலும் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து முந்தாநாள் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் உட்காரமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எஸ்டிமேட் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கள்ளநோட்டைச் சோதிப்பதுபோல் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்து, வரிவரியாக விரல் வைத்து இறங்கி வந்து, ஓர் இடத்தில் டக்கென்று நிற்பார். கொத்து அங்கேதான் விழும்.

“இது எதுக்காக்கும்?”

கேள்வி அவ்வளவுதான். ஆனால் பதில் சொல்லப் புகுந்த மெக்கானிக் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

எஸ்டிமேட்கொத்திக்கென்று சில சடங்குகள் உண்டு. கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் ஒர்க்ஷாப்பை விட்டு நகரமாட்டார். தேய்ந்த பிரேக் கட்டை, ஓட்டை விழுந்த ஹோஸ், கரிபிடித்த பிளக் எல்லாம் அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சிமெண்ட் சாக்கில் கிடக்கும். எதற்கு என்று கேட்டால் “சாட்சி” என்பார். எந்தக் கோர்ட்டில், எந்த வழக்குக்கு? அது அவருக்கும் தெரியாது. அடுத்த சடங்கு, ஓர் ஒர்க்ஷாப் கொடுத்த எஸ்டிமேட்டை இன்னும் நாலு ஒர்க்ஷாப்பில் காட்டிக் கருத்துக் கேட்பது. நேரில் போக முடியாத இடங்களுக்குப் போன். “கேக்கியா? கேட்டுக்கோ” என்று சொல்லிவிட்டு, வாயாலேயே இஞ்சினை ஓட்டிக் காட்டுவார். முதலில் க்ர்ர்ர், அப்புறம் டுப் டுப், கடைசியில் ஒரு நீளமான இழுப்பு. அந்தப் பக்கத்து மெக்கானிக் பாவம், ஆளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோவான்.

கஞ்சன் என்று நினைத்தீர்களானால் நீங்கள் ஆளை அறியவில்லை. நானூறு ரூபாயைக் குறைப்பதற்காக எழுநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு அலைகிறவனைக் கஞ்சன் என்று எப்படிச் சொல்வது? அவருக்குப் பணம் பெரிதல்ல, நியாயம்தான் பெரிது. அங்கேதான் சனியன் பிடிக்கிறது.

பேர் சொல்லிவிடுகிறேன்: சூசை சார். முட்டத்துக்காரர், கணக்கு வாத்தியார். நானும் அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்து அவரோடுதான் ரிட்டயர் ஆனேன். என் பேர் தாணுமாலயன். சூசை சார் முப்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திய சிவப்புப் பேனாவைப் பென்ஷன் வாங்கிய பிறகும் கீழே வைக்கவில்லை. மளிகைச் சீட்டு, கரண்டு பில், கல்யாணப் பத்திரிகை எது கையில் கிடைத்தாலும் ஒரு சுழி. செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளைக் கார் வாங்கிய நாளிலிருந்து அந்தப் பேனாவுக்கு ஓய்வே இல்லை.

2012ஆம் வருஷம் ஆகஸ்டில் அந்தக் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி சில நேரம் ஒரு குலுக்குக் குலுக்கும். அழகியமண்டபத்தில் டிஜோ என்று ஒரு பையன், சார்ஜாவில் எட்டு வருஷம் கிடந்து சம்பாதித்த காசில் பாதியைக் கொட்டி ஸ்கேனர் மெஷின் வாங்கி வைத்து, ஒர்க்ஷாப் நடத்திக்கொண்டிருந்தான். சூசை சாரிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். காரில் மெஷினை மாட்டி ஐந்து நிமிஷம் பார்த்தான். இஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லுகிற ஒரு சென்சார் தகராறு பண்ணுகிறது, மாற்றாவிட்டால் ஒரு நாள் வழியில் நின்றுபோகும் என்று சொல்லி எஸ்டிமேட் எழுதினான். சென்சார் ஆயிரத்து எண்ணூற்றைம்பது. வயரிங் அறுநூறு. லேபர் முந்நூற்றைம்பது. ஸ்கேன் சார்ஜ் நானூறு.

விரல் நானூறில் நின்றது. “எதுக்காக்கும்?”

பார்த்ததற்கு என்றான் டிஜோ.

பார்த்ததற்குப் பைசாவா! எல்லை தாண்டினால் மலையாள நாட்டில், லாரியிலிருந்து நாம் சாமான் இறக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நோக்கி நின்ற சுமட்டுக்காரருக்கும் ஒரு கூலி கொடுக்க வேண்டும். நோக்குகூலி என்பார்கள். எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பித்தம் தலைக்கேறும். சூசை சார் அதைத்தான் எடுத்து வீசினார். பார்த்தது மெஷின், சொன்னது மெஷின், நீ என்ன பார்த்தாய், இது பச்சை நோக்குகூலி என்று ஒர்க்ஷாப்பில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு, எஸ்டிமேட்டில் நானூறைச் சிவப்பில் வெட்டி, நியாயம் கிடைக்காத வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். டிஜோவின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் வாத்தியார் அல்லவா, வாசல் கேட்டை அவனேதான் திறந்துவிட்டான்.

அடுத்த மூன்று வாரம் அந்த எஸ்டிமேட் மாவட்டம் முழுக்கச் சுற்றியது. தக்கலைக்காரன் நூறு குறைத்தான். நாகர்கோவில்காரன் எழுநூறு கூட்டினான். குளச்சலில் ஒருவன் சென்சாரே வேண்டாம், வண்டியை விற்றுவிடுங்கள் என்றான். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கோத்து, சராசரி கண்டுபிடித்து, அதையும் திருத்தினார். மஞ்சள் விளக்கு கண்ணை உறுத்தியது. அதன்மேல் கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவில் வாங்கிய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். பின்னாலிருந்து வெளிச்சம் விழ, சவேரியார் முன்னைவிடப் பிரகாசமாக இருந்தார்.

இந்த நேரத்தில்தான் மகள் பெபிஷாவுக்கு விசா வந்தது. மஸ்கட்டில் நர்ஸ் வேலை. ஒரே பிள்ளை. இரண்டு வருஷ ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. குறிப்பிட்ட தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருத்திக்கு. திருவனந்தபுரத்திலிருந்து பிற்பகல் விமானம். பன்னிரண்டரைக்குள் ஏர்போர்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஏஜெண்ட் மூன்று தடவை சொல்லியிருந்தார். டாக்ஸிக்காரர் இரண்டாயிரம் கேட்டார். கேட்கலாமா? சூசை சார் நியாயமான ஒரு தொகையைச் சொன்னார், டாக்ஸிக்காரர் சிரித்துவிட்டுப் போனார். என் பிள்ளையை என் வண்டியில் நானே கொண்டு விடுவேன் என்று சார் அறிவித்தார். அதில் கணக்கு மட்டும் இல்லை, ஆசையும் இருந்தது. பேச்சுத்துணைக்கு என்னைக் கூப்பிட்டார்.

அவர்கள் வீட்டில் யார் தூரதேசம் புறப்பட்டாலும் தகப்பனார் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது வழக்கம். காலையில் பெபிஷா குனிந்து நெற்றியைக் காட்டினாள். சூசை சார் கையைத் தூக்கினார், அப்புறம் இறக்கிவிட்டார்.

“இஞ்ச வச்சு வேண்டாம் மக்கா. ஏர்போர்ட்டு வாசல்ல வச்சுப் போடுதேன். கடைசியா அப்பா கையாக்கும் படணும்.”

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். முன்சீட்டில் சாரும் நானும். பின்னால் பெபிஷாவும் அவள் அம்மா சகாயசெல்வியும். அழகியமண்டபம் வந்ததும் சார் டிஜோவின் ஒர்க்ஷாப்புக்கு எதிர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்டினார். வண்டி அங்கே ஒரு குலுக்குக் குலுக்கியது. அதற்குத் தெரிந்திருக்கிறது. மார்த்தாண்டம் நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்து, குழித்துறைப் பாலம் தாண்டியதும் இஞ்சின் அணைந்தது. சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மணி ஒன்பதேகால்.

சார் இறங்கி பானட்டைத் தூக்கி, உள்ளே பார்த்து, ஃபைலை எடுத்துவரச் சொன்னார். ஆறு எஸ்டிமேட் இருந்தது. ஒன்றுகூட இஞ்சினை ஸ்டார்ட் பண்ணவில்லை. பெபிஷா யாரையும் கேட்காமல் டிஜோவுக்குப் போன் பண்ணினாள்.

பத்து மணிக்கு டிஜோ பைக்கில் வந்தான், முதுகில் ஸ்கேனர் பை. வணக்கம் சொன்னான், மெஷினை மாட்டினான், அன்றைக்குக் கண்ட அதே கோளாறு என்றான். அடியில் கையை விட்டு ஒரு வயரைக் கழற்றித் துடைத்து, திரும்பச் செருகி, டேப் சுற்றிக் கட்டினான். ஸ்டார்ட் பண்ணினால் வண்டி ஒழுங்காக உறுமியது. பத்தே நிமிஷம். திருவனந்தபுரம் போய்விட்டு வரத் தாங்கும், வந்து மாற்றிவிடுங்கள் என்றான். பானட் இன்னும் திறந்துதான் இருந்தது. மூடியிருக்கலாம். மூடவில்லை, ஏனென்றால் சூசை சார் கேட்டுவிட்டார், எவ்வளவு என்று.

ஐந்நூறு என்றான் டிஜோ. அன்றைக்கு ஒன்றும் வாங்கவில்லை, இன்றைக்குப் பெட்ரோலும் சேர்த்து.

ஒரு வயரைக் கழற்றிச் செருக ஐந்நூறா? சென்சார் போட்டாயா? இல்லை. புதுச் சாமான் ஏதும் உண்டா? இல்லை. டேப் எத்தனை சாண்? அப்படியானால் மீதியெல்லாம் நோக்கியதற்குத்தானே? பானட்டின் மறைவில், இஞ்சின் சூட்டில், சூசை சார் கரும்பலகை முன் நிற்பதுபோல் விரல் விட்டு எண்ணிக் கழித்துக்கொண்டிருந்தார். டிஜோ மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னான்.

“சாரே, நோக்கி நிக்கதுக்கு நான் கூலி கேக்கல்ல. நோக்கப் படிச்சதுக்காக்கும் கேக்குதேன். நீங்க சொல்லித் தந்ததுக்குச் சம்பளம் வாங்கினிய இல்லியா?”

சொல்லி முடித்ததும் டிஜோவுக்கே சங்கடமாகிவிட்டது. பைசாவே வேண்டாம், பிள்ளைக்கு நேரமாகிறது, வண்டியை எடுங்கள் என்றான். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எஸ்டிமேட்கொத்தியிடம் சொல்லக்கூடாத ஒரே வார்த்தை அதுதான்.

“ஓசியா? சூசைக்கு எவனுக்க ஓசியும் வேண்டாம். நியாயமான ரேட்டச் சொல்லு, தாறேன். தாணு, நீ சொல்லுடே, எவ்வளவு வரும்?”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறியிருக்க வேண்டும். நானோ தாடியைத் தடவி, முந்நூற்றைம்பது சரியாக இருக்கும் என்றேன். அதை எப்படிக் கணக்குப் பண்ணினாய் என்று சார் என்னிடம் திரும்பினார். பெட்ரோலுக்கு எவ்வளவு, டேப்புக்கு எவ்வளவு என்று நான் விளக்கத் தொடங்கினேன். இடையில் ஏதோ ஒரு பஸ் வந்து நின்று போன சத்தம் கேட்டது. ரோடென்றால் பஸ் வராதா? இருபது நிமிஷம் போனதே தெரியவில்லை. கடைசியில் நானூற்றிருபத்தைந்தில் ஒரு நியாயம் பிறந்தது. சார் திருப்தியாக மூச்சுவிட்டு பானட்டைச் சாத்தினார்.

கண்ணாடி வழியே பின்சீட்டு தெரிந்தது. யாரும் இல்லை.

டிக்கி திறந்து கிடந்தது, இரண்டு பெட்டியும் இல்லை. டிரைவர் சீட்டில் ஃபைல். டிஜோவின் எஸ்டிமேட்டில் அவர் வெட்டியிருந்த நானூறுக்குப் பக்கத்தில், அவருடைய சிவப்புப் பேனாவாலேயே ஒரு சரி அடையாளம். அதோடு கிளிப்பில் ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாள்.

சார் அந்தத் தாளை அப்படியே டிஜோவின் கையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். பாறசாலை வரை எந்த பஸ்ஸைக் கண்டாலும் ஒட்டி ஓட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். நான் பெபிஷாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் ரோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் அடைத்துக் கிடந்தது. அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் சகாயசெல்வியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“அவ உள்ள போயாச்சு. பஸ்ஸ விட்டு எறங்கி ஆட்டோ பிடிச்சோம், நேரத்துக்குச் சேந்தாச்சு. நெத்தியில ரெண்டு சிலுவ போட்டு விட்டேன். ஒண்ணு எனக்க. ஒண்ணு ஒங்களுக்க.”

சார் வண்டியை ஓரங்கட்டினார். இஞ்சின் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வலது கைக் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ரெண்டு வருசமாக்கும், தாணு” என்றார். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் அழுதார். எனக்கும் தாங்கவில்லை. ஆனால் முந்நூற்றைம்பது என்று சொன்ன வாய்க்கு ஆறுதல் சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது?

அடுத்த வாரம் டிஜோவிடமே போய்ச் சென்சாரை மாற்றினார். எஸ்டிமேட்டை வாங்கிப் படிக்காமல் மடித்து வைத்துக்கொண்டு கேட்டதைக் கொடுத்தார். பழைய சென்சாரை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கினார். அது சாக்கில் இல்லை, மேசைமேல் இருக்கிறது.

போகட்டும், இது சூசை சார் கதை, நமக்கென்ன என்று எழுந்துவிடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி. டிஜோ ஐந்நூறு கேட்டானே, அதைப் படித்தபோது உங்கள் மனசில் என்ன ஓடியது? ஒரு வயரைத் துடைத்துச் செருகி டேப் சுற்றியதற்கு ஐந்நூறு கொஞ்சம் கூடுதல்தான், நானூறென்றால் பரவாயில்லை என்று ஒரு விநாடி கணக்குப் போட்டீர்களா, இல்லையா?

போட்டீர்கள். சரி, தப்பில்லை. பானட்டைச் சாத்திவிட்டு, பின்சீட்டில் ஆள் இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.