நிழலைக் கழற்றிக் காயப்போட்ட கவிதை

அன்புள்ள தம்பி றம்ஸீனுக்கு,

மருதமுனையிலிருந்து ராத்தா சல்மா உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. அந்த ஆவலைக் கடிதம் முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நீ கொழும்பிலிருந்து உன் கவிதைப் புத்தகத்தை அனுப்பி, அடுத்த மாதம் இங்கே நடக்கிற வெளியீட்டு விழாவில் என் பேத்தி ஸம்றாதான் நயவுரை சொல்ல வேண்டும் என்று அழைப்பிதழிலும் பெயரை அச்சடித்துவிட்டாய். ஏ.எல். வகுப்பில் தமிழ் படிக்கிற பிள்ளை, சந்தோசப்பட்டுத்தான் புத்தகத்தைத் திறந்தாள். முதல் கவிதையிலேயே மாட்டிக்கொண்டாள். 'என் நிழலை யாரோ கழற்றி உப்பால் திரித்த கொடியில் காயப்போட்டார்கள்' என்று எழுதியிருக்கிறாய். ஈரம் பட்டால் உப்புக் கரையாதா? அவள் அகராதி பார்த்தாள், டீச்சரிடம் கேட்டாள். "ஆழமாப் பாருங்க மகள்" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டாவாம். ஆழமாகப் பார்க்கிறேன் என்று இந்தப் பிள்ளை சோத்துக் கோப்பைக்கு முன்னாலும் கிணத்தடியிலும் அதையே முணுமுணுத்துத் திரிஞ்சாள். அவள்ட உம்மா சுபைறாவுக்குக் கவிதை தெரியாது, பயம் மட்டும்தான் தெரியும். அஸர் தொழுகைக்குப் பிறகு மகள் வளவுக்குள்ள தனிய நின்டு, என்ட நிழல ஆரோ கழட்டிட்டாங்க என்டு கதைக்கிறதக் கேட்டு, ஓதிப் பாக்கிற லெப்பையிட்ட ஓடிட்டாள். லெப்பை வந்து, என்ன மகள் செய்யிது என்டு கேக்க, இவளும் மரியாதையா முழுக் கவிதையையும் மனப்பாடமாச் சொல்லிப்போட்டாள். மனிசன்ட முகம் வெளுத்துப்போச்சி. ஓதின தண்ணி, முகத்தில ஊதல், கையில கறுப்பு நூல்.

நீ செய்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. வாப்பாட ஆட்ட நீ அவுத்துவிட்டு நான் அடி வாங்கினது, என்ட கலியாணத்துக்குப் பிந்தி வந்து இறைச்சி காணாதென்டு கோவிச்சது, ஒன்டும் மறக்கல்ல. ஆனா அதெல்லாம் விளங்கக்கூடிய குற்றம். இது விளங்கல்ல.

நேத்து புள்ள அழுதாள். "எனக்கு மூள இல்ல உம்மம்மா. இதே விளங்காட்டி என்னத்துக்குப் படிக்கிற? ஏ.எல். வேணாம், நான் வீட்டோட இருக்கன்" என்டாள். சுபைறாவும் அதுக்குத் தலையாட்டுறாள். அதனாலதான் எழுதுறன். அவள்ட பேர வெட்டு. எழுதினது நீ, நீயே மேடையில ஏறி விளங்கப்படுத்து. இல்லாட்டி எங்கட வீட்டால ஒருத்தரும் வரமாட்டம், உனக்குப் பகல் சோறும் இல்ல.

உன் ஹயாத்தை அல்லாஹ் நீளமாக்கி வைக்கட்டும். ஏசுறதுக்கு எனக்கு இன்னும் நிறையக் கிடக்கு.

இப்படிக்கு,
ராத்தா

பி.கு.: கடிதத்த ஒட்டப்போகக்குள்ள ஸம்றா புத்தகத்தத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடைசிப் பக்கத்துக் கவிதைக்கு அகராதியே தேவைப்படல்லயாம். 'ராத்தா என் பையைக் கேற் வரைக்கும் சுமந்து வந்தாள், பள்ளிக்கூடம் என்னை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டது' என்டு எழுதியிருக்காய். வாசிச்சிட்டு, "இது நீங்களா உம்மம்மா?" என்டு கேட்டாள். எனக்கு விளங்கல்ல என்டன். அவள் நம்பல்ல. உன்ட குற்றமெல்லாத்தையும் நான் ஊருக்கே சொல்லியிருக்கன், இது ஒன்ட மட்டும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. நீ அச்சடிச்சிக் குடுத்திட்டாய். விழாவில இதப்பத்தித்தான் கதைக்கப்போறாளாம். மத்தது விளங்கல்ல, ஆனா வாய விட்டுப் போகுதுமில்ல என்டு மேடையிலயே சொல்லப்போறாளாம். அது உண்மதான், தேங்கா துருவக்குள்ள எனக்கும் அந்த நிழல்தான் வாய்க்குள்ள வருது. படிப்ப நிப்பாட்டுறன் என்டியே என்டு கேட்டன், ஆர் சொன்ன என்டு என்னையே கேக்கிறாள். அதனால பேர வெட்டாத. பகலைக்கு வா. அந்தக் கடைசிப் பக்கத்தப் பத்தி மட்டும் என்னோட ஒன்டும் கதைக்காத. சோத்தச் சாப்பிட்டிட்டுப் போ.